டெல் என்றால் சொல்லு

தமிழை வாழவைக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் ஒரு காது டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. நான் பார்க்கவில்லை. அதற்கான தண்டனையை அனுபவித்தது என் காது அல்ல, இன்னொருவருடைய கால் கட்டைவிரல். அவர் அன்று எங்கள் வீட்டுக்குச் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். (அதற்குப் பிறகு யாரையும் எங்கள் வீட்டுக்கு அப்படி அழைக்கவில்லை. அழைத்தாலும் வருகிறவர்கள் யோசிக்கிறார்கள்.)

நாங்கள் முதலில் ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் சொகுசாக இருந்தவர்கள். இறங்கி நடந்தால் இந்தியன் கடை, கடைக்குள் போனால் முருங்கைக்காய், பில் போடுகிற இடத்தில் நின்றால் பின்னால் ஒரு தமிழ்க் குடும்பம் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும். அப்படி இருந்தபோதுதான் என் கணவர் சரவணனுக்கு மாற்றல் வந்தது. சூரிய மின்சாரம் தயாரிக்கிற கம்பெனியில் அவர் இன்ஜினியர். வெயிலை வாங்கி மின்சாரமாக்குகிற பலகைகளை எங்கே கொண்டுபோய்ப் பதிப்பார்கள்? மரம் முளைக்காத, மேகம் எட்டிப் பார்க்காத, மனுஷன் குடியிருக்க யோசிக்கிற இடமாகப் பார்த்துத்தான் பதிப்பார்கள். டெக்சாஸின் மேற்கு மூலையில், எல் பாசோவை ஒட்டிய பாலைவனத்தில் அப்படி ஓர் இடம் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

“ஈரோட்டுக்காரிக்கு வெயில் என்ன புதுசா?” என்றார் சரவணன்.

“அதானே, நாங்க பாக்காத வெயிலா?” என்று நானும் திமிராகப் பெட்டி கட்டினேன். ஈரோட்டில் வெயில் அடித்தால் நிழல் என்று ஒன்று இருக்கும், சர்பத் கடை என்று ஒன்று இருக்கும் என்பதெல்லாம் எனக்கு எல் பாசோவில் இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

பாலைவனத்தில் சின்னப் பிள்ளைகளோடு குடித்தனம் நடத்துவது பற்றி யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கப் போவதில்லை என்றாலும், சொல்லியிருக்கலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கில் சறுக்குமரத்தில் குழந்தையை உட்கார வைப்பதும் தோசைக்கல்லில் உட்கார வைப்பதும் ஒன்று. கார் சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு தொடையில் பட்டால் ஊரே கேட்கிற மாதிரி ஓர் அலறல் வரும். குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். வெந்நீர்க் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான் வரும். (எதற்கு இரண்டு குழாய் வைத்தார்கள் என்று தெரியவில்லை.) காற்றில் ஈரமே இல்லாததால் பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும், எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். தினமும் சாயங்காலம் குளிக்க வைத்தால் தொட்டியின் அடியில் ஒரு பிடி மணல் தேறும். அது வெளியிலிருந்து வந்ததா, பிள்ளைகளுக்கு உள்ளேயே ஊறுகிறதா என்று சந்தேகமாக இருக்கும்.

பெரியவள் மிருதுளாவுக்கு அப்போது ஐந்து வயது. சின்னவன் கவினுக்கு இரண்டு. கவினுக்கு அந்த வயதிலேயே நிரந்தர உத்தியோகம் ஒன்று இருந்தது, சரக்குப் போக்குவரத்து. கையில் கிடைக்கிற பாத்திரம், டப்பா, தொப்பி, எதுவாக இருந்தாலும் அது அவனுக்கு லாரி. கொல்லைப்புறச் சுவரோரம் குவிந்து கிடக்கிற கல்லையெல்லாம் அதில் ஏற்றி, “வ்ரூம்” என்று தள்ளிக்கொண்டு வந்து வரவேற்பறையில் இறக்குவான். எங்கள் வீட்டு சாம்பார் கரண்டிகூட ஒரு காலத்தில் லாரியாக ஓடியதுதான்.

பாலைத் திணைக்கு உரிய பொருள் பிரிவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது தலைவன், தலைவி என்று ஏதேதோ நினைத்திருந்தேன். இங்கே வந்த பிறகுதான் முழு அர்த்தமும் விளங்கியது. நான் கறிவேப்பிலையைப் பிரிந்தேன். தோழிகளைப் பிரிந்தேன். சுகர் லேண்டில் ஓர் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவில் பார்த்துவந்த வேலையைப் பிரிந்தேன். புது ஊரில் டேகேரில் இடம் இல்லை என்றார்கள், அதனால் நானே டேகேர் ஆனேன். ஒருத்தி “அம்மா! அம்மா!” என்பாள், ஒருவன் “ம்மா! ம்மா!” என்பான். யாராவது போனில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் ‘நான்தான்’ என்று சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நிலைமையில்தான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை ஆரம்பித்தேன். ஊரில் தேடிப் பிடித்ததில் நாலு தமிழ்க் குடும்பம் தேறியது. எங்கள் வரவேற்பறை சோபாவை ஓரமாகத் தள்ளினால் பள்ளிக்கூடம், இழுத்துப் போட்டால் வீடு. பிள்ளைகள் என்னை “டீச்சர்” என்று கூப்பிட்டார்கள். அவர்களுடைய அம்மா அப்பாக்களும் “டீச்சர்” என்றார்கள். வாரத்தில் அந்த ஒரு காலைப்பொழுது மட்டும் நான் யாருக்கோ அம்மா என்பதைத் தவிர வேறு ஏதோவாகவும் இருந்தேன். வெளியில் கேலியாகச் சொல்லிக்கொண்டாலும் அந்த வகுப்பை நான் உயிரைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

உயிரைப் பிடித்தவள் சும்மா இருப்பாளா? இருக்கிற அரிச்சுவடி அட்டைகள் எல்லாம் பாலைவனத்துப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது என்று புரட்சி செய்தேன். அணிலுக்கும் மயிலுக்கும் இவர்கள் எங்கே போவார்கள்? நானே அட்டை வெட்டி, படம் வரைந்து, கீழே ஒரு வாக்கியமும் எழுதினேன். ‘க – கள்ளி. கள்ளி குத்தும்.’ ‘பா – பாம்பு. பாம்பு கடிக்கும்.’ ‘தே – தேள். தேள் கொட்டும்.’ எந்தப் பிராணி எதைச் செய்யும் என்று வினைச்சொல்லைப் பிள்ளைகள் மாற்றிச் சொல்லக் கூடாது என்பதில் நான் ரொம்பக் கறார். படம் வரைவதில் அவ்வளவு கறார் இல்லை. வகுப்பில் ஒரு பையனின் அப்பா ரமேஷ், பல் டாக்டர். என் தேள் அட்டையைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “இறாலுக்கு எதுக்கு டீச்சர் ‘தே’ போட்டிருக்கீங்க?” என்று கேட்டார்.

மிருதுளாவுக்கு அட்டை எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான் வரும். நாம் தமிழில் கேட்டால் எல்லாம் புரியும், பதில் மட்டும் அமெரிக்காவிலிருந்து வரும். தப்பித்தவறித் தமிழ்ச் சொல் வந்தாலும் அதற்கு இங்கே பிறந்த அடையாளம் இருக்கும். ‘த’ எல்லாம் ‘ட’ ஆகிவிடும், ‘ள’ ‘ல’ ஆகிவிடும், பாதி நெடில் குறுகிவிடும். தாத்தா அவளுக்கு ‘டாட்டா’. (வீடியோ காலில் அவள் ஆசையாக “டாட்டா!” என்றதும் என் மாமனார் போனை வைத்துவிடுவார்.) ஒருநாள் காலையில், “அம்மா, டென் வேணும்” என்றாள். நான் எண்ணிப் பத்து உலர்ந்த திராட்சையைக் கொடுத்தேன். அழுதாள். இன்னும் பத்து கொடுத்தேன். இன்னும் அழுதாள். சரவணன் வந்து பார்த்து, “அவ தேன் கேக்கறா” என்று பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். விழுந்து விழுந்து சிரித்தோம். புத்தியுள்ளவளாக இருந்தால் அன்றே ஒரு பாடம் கற்றிருப்பேன். நான்தான் டீச்சர் ஆயிற்றே, எதற்குக் கற்க வேண்டும்?

பாலைவனம் கற்றுக்கொடுத்த இன்னொரு பாடமும் இருந்தது. அடுத்த வீட்டு ரோசா அம்மாள் நாங்கள் குடிவந்த அன்றே, ஷூவை உதறாமல் கால் விடாதீர்கள், உள்ளே தேள் படுத்திருக்கும் என்று சொல்லியிருந்தார். “எங்களுக்கு அந்தப் பயமே இல்லைங்க, நாங்க செருப்பை வீட்டுக்குள்ளயே கொண்டுவர மாட்டோம், வாசல்லயே விட்டுருவோம்” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தேள் இருப்பதும் வாசலில்தான் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து தம்பியின் ஷூவை உதறிக் கொடுப்பது மிருதுளாவின் வேலை ஆனது. பொறுப்பாகச் செய்வாள். விருந்தாளிகளின் ஷூவை உதறுவது யார் வேலை என்று மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

வகுப்பு ஆரம்பித்துச் சில மாதம் ஆனதும் பெற்றோர் மெல்ல முனக ஆரம்பித்தார்கள். பாடப் புத்தகம் இல்லை, தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை, ஆன்லைன் வகுப்பில் சேர்த்தாலே இதெல்லாம் கிடைக்கிறதே என்றார்கள். வகுப்பு கலைந்துவிடும் என்று தெரிந்தது. டாலஸ் பக்கம் பெரிய தமிழ்ப் பள்ளி ஒன்று இருந்தது. எங்களை அதன் கிளையாகச் சேர்த்துக்கொண்டால் பிழைப்போம் என்று அவர்களுக்கு எழுதினேன். நேரில் பார்த்து முடிவு சொல்ல, அந்தப் பள்ளி இருக்கிற ஆலனிலிருந்து சொக்கலிங்கம் ஐயா என்பவரை அனுப்பினார்கள்.

ஐயா வந்து இறங்கினார். அறுபது வயது, வெள்ளை வேட்டி சட்டை, காலில் மட்டும் பளபளவென்று கறுப்புத் தோல் ஷூ. “விமானத்தில் குளிர் அதிகம், அதனால் இந்தக் காலணி” என்று அவராகவே விளக்கம் சொன்னார். மதுரைக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் பேச்சில் மதுரை துளியும் இல்லை. அச்சடித்த புத்தகம் எழுந்து நின்று பேசுகிற மாதிரி இருந்தது. “காப்பி” என்று நான் சொன்னதற்கு “குளம்பி அருந்துவதில்லை, தண்ணீர் போதும்” என்றார். நான் அந்த இடத்திலேயே நடுங்கிப் போனேன்.

நல்லவேளை, முந்தின நாளே மிருதுளாவுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தேன். “நாளைக்கு ஐயா போற வரைக்கும் உன் வாயில ஒரு இங்கிலீஷ் வார்த்தை வரக் கூடாது. வந்துச்சுன்னா குச்சி ஐஸ் கட். புரியுதா?” வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஃப்ரீசர் நிறைய ஆரஞ்சு குச்சி ஐஸ் வாங்கி வைத்திருந்தேன். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு தலையாட்டினாள்.

ஐயாவுக்காக வரவேற்பறையில் ஏற்பாடு செய்திருந்த விழா அமோகமாக நடந்தது. நானே எழுதி, நானே மெட்டுப் போட்ட மழைப் பாட்டுக்குப் பிள்ளைகள் குடையோடு ஆடினார்கள். மழையே பெய்யாத ஊரில் எதற்கு மழைப் பாட்டு என்று சரவணன் கேட்டபோது நான் முறைத்தேன். ஆடும்போதுதான் பதில் தெரிந்தது. குடையை எப்படி விரிப்பது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. ரமேஷின் மகன் மூடிய குடையையே வாள் மாதிரி சுழற்றி ஆடி முடித்தான். ஆனால் பாட்டை எல்லோரும் பிசகாமல் ஒப்பித்தார்கள். நான் பெருமையோடு ஐயாவைப் பார்த்தேன்.

ஐயா புன்னகைத்தார். பிறகு குனிந்து ரமேஷின் மகனிடம், “தம்பி, இன்று காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டார்.

“சீரியல்.”

“நன்று. உனக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்?”

“சாக்கர்.”

அடுத்த பிள்ளை, “ஐ டோண்ட் நோ” என்றது. அடுத்தது அழுதது. மிருதுளா குச்சி ஐஸை நினைத்துக்கொண்டு உதட்டை இறுக மூடி நின்றாள். இங்கிலீஷ் வரக் கூடாது என்றால் எதுவுமே வராமல் இருப்பதுதான் பத்திரம் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

“அம்மா, தவறாக எண்ண வேண்டாம்” என்றார் ஐயா என் பக்கம் திரும்பி. “மனப்பாடம் செய்து ஒப்பிப்பது வேறு, மொழி வருவது வேறு. ஒரே ஒரு குழந்தை, யாரும் கேட்காமல், தானாக ஒரு செய்தியைத் தமிழில் சொல்லியிருந்தால் போதும், நான் மகிழ்ந்திருப்பேன். இப்போதைக்குக் கிளை என்பது... பார்க்கலாம்.”

‘பார்க்கலாம்’ என்று ஒரு தமிழர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை இந்தச் சோபா ஓரமாகத் தள்ளப்படாது என்று தோன்றியது.

இதற்கிடையில் வாசலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பிறகு துப்பறிந்து தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குவிந்து கிடந்த செருப்புகளில், பெரியதும் பளபளப்பானதுமான ஒரு லாரியைக் கவின் தேர்ந்தெடுத்திருக்கிறான். அதைப் பக்கவாட்டு வழியாகக் கொல்லைக்கு ஓட்டிப் போய், சுவரோரக் குவியலில் கல் ஏற்றி, மறுபடி வாசலுக்கு ஓட்டி வந்திருக்கிறான். சரக்கோடு ஒரு பயணியும் ஏறிக்கொண்டது அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் குவியலில் அவன் எங்கெல்லாம் கை வைத்திருப்பான் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை.

ஐயா விமானத்துக்குப் புறப்பட்டார். எல்லோரும் வாசலுக்கு வந்தோம். ஒரு ஷூதான் இருந்தது. இன்னொன்று கொஞ்சம் தள்ளி, கல் நிரம்பிக் கிடந்தது. “மிது, அந்த ஷூவை எடுத்துட்டு வா, கல்லையெல்லாம் கொட்டிரு” என்றேன். அவள் ஓடிப்போய்க் கவிழ்த்தாள். கல்லெல்லாம் விழுந்தது. வழக்கம்போல் உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்படியே ஷூவைக் கீழே போட்டாள். அதற்குள் சரவணன் ஓடிப்போய் அதை எடுத்துப் வெள்ளிப் பாத்திரத்தைத் துடைப்பது மாதிரி துடைத்து ஐயாவின் காலடியில் வைத்துவிட்டார்.

“அங்கிள்!” என்றாள் மிருதுளா சத்தமாக. “அங்கிள் ஷூல டெல்!”

எனக்கு உயிர் போயிற்று. காரணம் இருந்தது. போன மாதம் வீட்டுக்கு வந்த ஒருவரிடம் இவள் அவருடைய சாக்ஸ் நாற்றத்தைப் பற்றி விரிவாகக் கருத்துச் சொல்லியிருந்தாள். இன்றைக்கு ஐயாவின் ஷூவைப் பற்றி என்னவோ சொல்லக் கிளம்பிவிட்டாள், அதுவும் இங்கிலீஷில்!

“மிது, உஷ்!” என்றேன்.

“டெல், அம்மா! டெல்!”

“குழந்தை ஏதோ சொல்ல விரும்புகிறாள் போலிருக்கிறது” என்றார் ஐயா, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி. “ஆங்கிலத்தில்.”

அந்த ‘ஆங்கிலத்தில்’ என் நெஞ்சில் வந்து குத்தியது. என்னுள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். மாண்டு கிடக்கிற என் பள்ளிக்கூடத்தைக் கடைசியாக ஒருமுறை எழுப்பிப் பார்த்துவிடலாம் என்று மிருதுளாவின் முன்னால் மண்டியிட்டு, இனிக்க இனிக்கக் கேட்டேன். “கண்ணு, ‘டெல்’லுக்குத் தமிழ்ல என்ன? டீச்சர் சொல்லிக் குடுத்தேன்ல?”

அவள் என்னைப் பார்த்தாள். ஐயாவின் காலைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. “டெல்!” என்றாள் மறுபடி, கையால் ஷூவைக் காட்டி.

“டெல் இல்லடா தங்கம். ‘சொ...’ ‘சொல்...’”

“...சொல்லு?” என்றாள் அழுதுகொண்டே.

“சொல்லு! வெரி குட்! பாத்தீங்களா ஐயா?” என்று நான் கை தட்டினேன். பெற்றோரும் தட்டினார்கள். அந்தக் கரகோஷத்துக்கு நடுவில் ஐயா ஷூவுக்குள் காலை விட்டார்.

அடுத்த நொடி, அறுபது வயதில் ஒரு மனிதர் உட்கார்ந்த நிலையிலிருந்து நேராக மேலே எழும்ப முடியும் என்பதைக் கண்ணால் கண்டேன்.

“ஏ ஆத்தீ! கடிச்சுப்புடுச்சுடா! ஏதோ கடிச்சுப்புடுச்சுடா! ஏய், கழட்டுங்கடா அத!”

காலையிலிருந்து நடந்துகொண்டிருந்த செந்தமிழ் அந்த இடத்தில் அறுந்து, உள்ளேயிருந்து முழு மதுரையும் வெளியே வந்தது. சரவணன் ஷூவை இழுத்து எறிந்தார். எல்லோரும் கத்தினார்கள். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் மிருதுளா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, தப்பைப் பொறுக்காத ஒரு குரலில் சொன்னாள். “கடிக்காது அங்கிள். டெல் கொட்டும்.”

கொட்டும்.

அந்த வினைச்சொல் வந்து விழுந்த பிறகுதான் முந்தின சொல் என்னவென்று என் மரமண்டைக்கு எட்டியது. சரவணன் எறிந்த ஷூவிலிருந்து, வால் தூக்கியபடி, என் அட்டையில் இருந்த இறால் மெதுவாக நடந்து வெளியே வந்தது.

அடுத்து நடந்ததெல்லாம் ஒரே அமளி. “யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க!” என்று ஓர் அம்மா அலறினார். எல்லோரும் ரமேஷைப் பார்த்தார்கள். ரமேஷ் ஐயாவின் கட்டைவிரலைக் கவலையோடு பார்த்து, “நான் பல் டாக்டர்ங்க” என்றார். “பல்லுல கொட்டியிருந்தா ஏதாவது பண்ணியிருப்பேன்.” சரவணன் தேள் மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, விஷ முறிவு ஆலோசனை எண்ணுக்குப் போன் போட்டார். அவர்கள் நிறம், கோடு, அளவு எல்லாம் விசாரித்துவிட்டு, இந்தப் பக்கத்துத் தேளால் உயிருக்கு ஆபத்து வருவது அபூர்வம், ஆனால் நன்றாக வலிக்கும், ஐஸ் வையுங்கள், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஐஸ் எங்கே? விழாவில் எலுமிச்சை ஜூஸுக்கு எல்லாவற்றையும் போட்டுத் தீர்த்திருந்தேன். ஃப்ரீசரில் மிச்சம் இருந்தது குச்சி ஐஸ்தான்.

ஆகவே, ஆலனிலிருந்து எங்கள் தகுதியை ஆராய வந்த சொக்கலிங்கம் ஐயா எங்கள் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருக்க, அவர் கட்டைவிரலைச் சுற்றி ஆரஞ்சு குச்சி ஐஸ்களை வைத்துக் கட்டினோம். வேட்டியெல்லாம் ஆரஞ்சு. பிள்ளைகள் வரிசையாக நின்று தங்கள் பங்கு உருகுவதைத் துக்கத்தோடு பார்த்தார்கள். விமானம் அவர் இல்லாமல் போயிற்று.

நான் அடுக்களையில் போய் நின்றுகொண்டேன். மிருதுளா வந்து என் புடவையைப் பிடித்தாள். அவளைத் தூக்கி மேடையில் உட்கார வைத்துக் கேட்டேன். “ஏண்டா கண்ணு, எனக்குத்தான் புரியலையே, ‘ஸ்கார்பியன்’னு சொல்லியிருக்கலாம்ல?”

“யூ ஸெட் நோ இங்கிலீஷ்” என்றாள். சொல்லிவிட்டு, ஐயா இன்னும் போகவில்லை என்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

குச்சி ஐஸுக்காகக்கூட இல்லை. நான் சொன்னதற்காக. என் பெண் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆபத்தைப் பார்த்து, பயந்து, அந்தப் பயத்திலும் எனக்குப் பிடித்த மொழியைத் தேடி எடுத்துச் சொல்லியிருக்கிறாள். திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். நான் அதைத் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்று அடுக்களையில் அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுத அழுகை ஐயாவின் வலிக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

சாயங்காலம் வலி கொஞ்சம் தணிந்ததும் ஐயா மிருதுளாவைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். செந்தமிழ் திரும்பி வரவே இல்லை. மதுரைத் தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார். அவள் அட்டைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். தே அட்டை வந்ததும் அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம், “இத மட்டும் வேற யாரையாச்சும் வச்சு வரையச் சொல்லுங்கம்மா, ஆளத் தெரியல” என்றார்.

பிறகு அவரே ஆரம்பித்தார். “ஒரு பிள்ளை தானாத் தமிழ்ல ஒரு சேதி சொல்லணும்னு கேட்டேன். சொல்லிருச்சு. வினைச்சொல்லுல நான் செஞ்ச தப்பையும் திருத்திருச்சு. இதுக்கு மேல என்னத்தச் சோதிக்கிறது? கிளைய எடுத்துக்கங்க.”

கையெடுத்துக் கும்பிட்டேன்.

“இருங்க, முடிக்கல. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல்னு மொழிக்கு நாலு திறன் இருக்கு. பிள்ளைகளுக்கு எங்க பள்ளிக்கூடம் நாலையும் சொல்லிக் குடுக்கும். டீச்சருக்கு அந்த மொதல் ஒண்ண மட்டும் நீங்களே பாத்துக்கங்க.”

சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்த சரவணன் சிரித்த சிரிப்பில் ஐயாவின் கால் ஆடி அவர் மறுபடி “ஆத்தீ” என்றார்.

கிளை இன்றும் நடக்கிறது. சோபாவுக்குப் பதில் இப்போது நூலக அறை. வாசலில் பெரிய எழுத்தில், உதறிவிட்டுப் போடவும் என்று எழுதி வைத்திருக்கிறோம். பெற்றோர் எங்களைத் தங்களுக்குள் தேள் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். ஐயா பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். வாழ்த்துச் சொல்லுமுன் மிருதுளாவிடம், “ஒதறியாச்சும்மா” என்று அறிக்கை கொடுப்பார். மிருதுளாவுக்கு இப்போது ‘தே’யும் வருகிறது, ‘ள்’ளும் வருகிறது. ஆனால் நான் யாரையாவது முழுசாகப் பேசவிடாமல் திருத்த ஆரம்பித்தால் போதும், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து நிதானமாக, “அம்மா, டெல்” என்பாள். நான் வாயை மூடிக்கொள்வேன்.

போன வாரம் நான் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். கவின் அரக்கப் பரக்க ஓடிவந்து, “அம்மா! டெல்...” என்றான்.

இந்த முறை நான் தப்புச் செய்யவில்லை. அவன் மூச்சு வாங்குவதற்குள் துணியை வீசிவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று, “யாரும் கீழ கால் வைக்காதீங்க! தேள்! தேள்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

கவின் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு முடித்தான். “...டெல் அக்கா டு கிவ் மை பால் பேக்.”

சரவணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “எறங்கு டீச்சர்” என்றார். “இது இங்கிலீஷ்.”